கதைக்குள் இறங்கும் வாசகன்

கணினி விளையாட்டு என்ற சொல்லை எங்கள் இலக்கியக் கூட்டங்களில் உச்சரித்தால் முதலில் எழுவது ஒரு சிரிப்புத்தான். நாவல், சிறுகதை, கவிதை, மிஞ்சிப்போனால் குறும்படம் என்பதோடு எங்கள் பேச்சு நின்றுவிடும். விளையாட்டென்பது சிறுபிள்ளைகளின் விவகாரம். அல்லது சிறுபிள்ளைகளைக் கெடுக்கும் விவகாரம். இந்த இரண்டு கருத்துக்கும் வெளியே நின்று, அண்மையில் நான் ஆடி முடித்த நான்கு விளையாட்டுகள் பற்றிய என் மனப்பதிவுகளை வாசகர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். நான் திறனாய்வாளன் அல்லன். நாற்பதைக் கடந்த ஒரு கிராமத்துத் தமிழாசிரியன். ஆசிரியர் கலாசாலையில் கதை சொல்லும் முறைகள் பற்றி எங்களுக்கு நிறையவே கற்பித்தார்கள். கதை கேட்பவன் நடுவிலே எழுந்து, "இல்லை, நான் அந்தப் பாதையால் போகமாட்டேன்" என்று சொன்னால் என்ன செய்வது என்பது மட்டும் பாடத்திட்டத்தில் இருக்கவில்லை.

நான் குறிப்பிடும் விளையாட்டுகள் சுட்டுத்தள்ளும் வகையைச் சேர்ந்தவை அல்ல. பாத்திரமேற்று ஆடுபவை ஒரு வகை. புதிர்களையும் உரையாடல்களையும் தாண்டிச் செல்லும் சாகசக் கதைகள் மற்றொரு வகை. இரண்டுக்கும் ஐம்பதாண்டு வரலாறு உண்டு. 1974 இல் அமெரிக்காவில் கேரி கைகக்ஸ், டேவ் ஆர்னெசன் ஆகிய இருவரும் 'டஞ்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்' என்ற விளையாட்டை வெளியிட்டனர். அதற்குக் கணினி தேவையில்லை. ஒருவர் கதை சொல்ல, சுற்றியிருப்போர் ஆளுக்கொரு பாத்திரமாகி, தாயக்கட்டை உருட்டித் தம் விதியை அறிவார்கள். 1976 இல் வில் குரௌதர் என்ற கணினி நிரலாளர் தம் பெண்பிள்ளைகளுக்காக ஒரு குகைக் கதையைக் கணினியில் எழுதினார். கென்டக்கி மாநிலத்தின் மமத் குகையில் அவர் இறங்கித் திரிந்த அனுபவமே அதன் அடிப்படை. அதிலே படமில்லை, எழுத்து மட்டுமே. மேற்கே போ, விளக்கை எடு என்று நாம் எழுதினால் கணினி பதில் எழுதும். மறுவருடம் டொன் வூட்ஸ் என்பவர் அதனை விரிவாக்கினார். 'அட்வென்சர்' என்ற அதன் பெயரே பிறகு அந்த வகை முழுவதற்கும் பெயராயிற்று.

இப்படிக் கேட்டும் விடை சொல்லியும் கதையை நகர்த்துவது எமக்கு அந்நியமான வடிவமன்று. 1572 இல் வண்ணப்பரிமளப் புலவர் இயற்றிய ஆயிர மசலா, எமக்கு முழுமையாகக் கிடைத்துள்ள இஸ்லாமியத் தமிழ் இலக்கியங்களுள் மிகப் பழையது. அது வினா விடையால் ஆனது. நூறு மசலாவிலோ ஓர் அரசகுமாரி வினாக்களைத் தொடுக்கிறாள். விடை கிடைத்தால்தான் கதை முன்னே செல்லும். அவற்றைப் படிக்கக் கேட்டிருந்தவர்கள், புலவர் வாய் திறக்குமுன் தாமும் ஒரு விடையை மனதுக்குள் சொல்லிப் பார்க்காமலா இருந்திருப்பார்கள்?

நான் இவற்றை ஆடத் தொடங்கியதற்குக் காரணம் எங்கள் பாடசாலைப் பெற்றார் கூட்டம். மேசன் வேலை செய்யும் ஒரு தந்தை எழுந்து, "சேர், இந்தக் கேமுக்கு நீங்கதான் ஒரு வழி பண்ணோணும். எல்லார்ர போனையும் பறிச்சி வைங்க" என்றார். அரங்கில் பாதிப்பேர் ஆமோதித்தனர். பின்வரிசையில் இருந்த ஒரு மூதாட்டி, தன் பேரனுக்காக வந்தவர், எழும்பாமலே கேட்டார்: "போனப் பறிச்சா புள்ள உம்மாட சத்தத்த எதுல கேக்கிற?" அந்தப் பிள்ளையின் தாய் குவைத்தில் வீட்டுப் பணிப்பெண். அவனுக்குப் போன் வாங்கி அனுப்பியவரும் அவரே. எங்கள் வகுப்புகளில் இப்படிப் பல பிள்ளைகள். கேம் ஓடுவதும் உம்மா தெரிவதும் ஒரே கண்ணாடியில்தான். அன்று தீர்மானம் எதுவும் நிறைவேறவில்லை.

பிள்ளைகள் ஆடுவதை அருகிருந்து பார்த்தேன். பெரும்பாலும் ஃப்ரீ ஃபயர், பப்ஜி. தீவொன்றில் குதித்து, மற்றவர்களைச் சுட்டு, கடைசி ஆளாக மிஞ்ச வேண்டும். உடையும் துப்பாக்கி வண்ணமும் காசுக்கு விற்கப்படுகின்றன. விளையாட்டுக்கு அடிமையாதலை உலக சுகாதார நிறுவனம் 2019 இல் நோய்ப் பட்டியலில் சேர்த்துக்கொண்டது. அப்பட்டியல் 2022 இல் நடைமுறைக்கு வந்தது. ஆகவே பெற்றாரின் அச்சம் வீண் அச்சமல்ல. ஆனால் என்னை உறுத்தியது வேறொன்று. அந்த விளையாட்டில் அழுத்துவதற்கு எத்தனையோ பொத்தான்கள் இருந்தன. தெரிவு என்று ஒன்றுமே இருக்கவில்லை. எதிரே வருபவனைச் சுடுவதா விடுவதா என்ற கேள்வியே அங்கு எழுவதில்லை. அந்தக் கேள்வி எழும் விளையாட்டுகள் உண்டா என்று, கட்டாரிலிருந்து விடுமுறையில் வந்த என் மருமகனிடம் கேட்டேன். தன் பழைய மடிக்கணினியை என்னிடம் விட்டுச்சென்றான்.

முதலாவது 'அண்டர்டேல்'. 2015 இல் வெளிவந்தது. டோபி ஃபொக்ஸ் என்ற அமெரிக்க இளைஞர் கதை, இசை உட்பட அதன் பெரும்பகுதியைத் தாமே ஆக்கினார். படங்கள் முப்பதாண்டுக்கு முந்திய விளையாட்டுகளைப் போலக் கட்டம் கட்டமாக இருக்கும். பூமிக்கடியில் வாழும் பூதங்களின் உலகில் ஒரு மனிதக் குழந்தை விழுந்துவிடுகிறது. வழியில் மறிக்கும் ஒவ்வொரு பூதத்தையும் அடிக்கலாம்; அல்லது பேசி, சிரிக்கவைத்து, மன்னித்து அனுப்பலாம். ஒருவரையும் கொல்லாமலே கதையை முடிக்க முடியும். பக்கத்தில் வந்து நின்று பார்த்த என் மாணவன் ஒருவன், "சேர், ஒருத்தரையும் அடிக்காம முடிக்க ஏலுமா?" என்று நம்பாமல் கேட்டான். ஏலும் என்றேன். அவன் கீழே உட்கார்ந்துகொண்டான்.

இத்தகைய விளையாட்டுகளில் எதிரியைக் கொல்லக் கொல்ல அனுபவப் புள்ளி கூடும், நிலை உயரும். அண்டர்டேலிலும் அந்த எண்கள் உண்டு. 'லவ்' என்று ஒரு எழுத்துக் கூட்டம் திரையில் தெரியும். அன்பென்று எண்ணிக்கொண்டு போவோம். ஏறத்தாழ முடிவில், நீதிமன்றம் போன்றதொரு மண்டபத்தில், அதன் பொருள் வன்முறையின் அளவு என்றும், சேர்த்த புள்ளிகள் கொலைக்கான புள்ளிகள் என்றும் ஒரு பாத்திரம் விளக்குகிறது. மற்றொன்றும் உண்டு. கதையின் தொடக்கத்தில் குழந்தையைத் தாய்போல அணைத்துக்கொள்ளும் டோரியல் என்ற பூதத்தை ஒருவர் கொன்றுவிட்டு, மனம் கேளாமல் விளையாட்டைப் பின்னுக்குக் கொண்டுபோய் அவளைத் தப்பவிட்டால், ஒரு பூ அவரைப் பார்த்துச் சிரிக்கும். நீ செய்தது எனக்குத் தெரியும் என்று சொல்லும். அழித்தெழுதிய பிறகும் நினைவில் வைத்திருக்கும் கதையை நான் அச்சுப் புத்தகத்தில் கண்டதில்லை.

இரண்டாவது இதற்கு நேரெதிரானது. லூக்காஸ் போப் என்பவர் ஏறத்தாழத் தனியாளாக உருவாக்கி 2018 இல் வெளியிட்ட 'ரிட்டர்ன் ஒஃப் த ஒப்ரா டின்'. 1802 இல் புறப்பட்டுக் காணாமற்போன ஒரு வணிகக் கப்பல், 1807 இல் உயிருள்ள ஒருவருமின்றி இங்கிலாந்தின் ஃபல்மத் துறைமுகத்தருகே மிதந்து வருகிறது. நாம் கிழக்கிந்தியக் கம்பனியின் காப்புறுதிப் பரிசோதகர். கையில் ஒரு மாயக் கடிகாரம். ஒரு சடலத்தின் அருகே அதைத் திறந்தால், அந்த மனிதர் இறந்த கணம் கண்முன்னே உறைந்து நிற்கும். அதற்கு முந்திய சில நொடிகளின் பேச்சு காதில் விழும். இவற்றைக்கொண்டு, கப்பலில் இருந்த 60 பேரில் எவர் எவர், அவருக்கு என்ன நேர்ந்தது என்று ஏட்டை நிரப்ப வேண்டும். மூன்று பேரின் விபரம் சரியாக அமைந்தால்தான் ஏடு அதை உறுதிசெய்யும்.

இதிலே எவரையும் காப்பாற்ற முடியாது. எல்லாம் நடந்து முடிந்துவிட்டது. இருப்பது ஒரேயொரு கடமை: பெயரைச் சரியாகச் சொல்வது. கப்டனையும் அதிகாரிகளையும் இனங்காண்பது எளிது. அவர்களைப் பிறர் பெயர் சொல்லி அழைக்கிறார்கள். கீழ்த்தட்டுக் கடலோடிகளை எவரும் பெயர் சொல்லி அழைப்பதில்லை. அவர்களுடைய தூங்கு தொட்டிலின் இலக்கம், காலணி, உடம்பில் குத்திய பச்சை, யாரருகே நின்றார்கள் என்பவற்றைக்கொண்டுதான் அறிய வேண்டும். அந்தப் பட்டியலில் இந்தியக் கடலோடிகளும் உண்டு. சையித் என்று முடியும் ஒரு பெயரையும், வாசிம் என்று முடியும் ஒரு பெயரையும் கண்டபோது என் விரல் தயங்கி நின்றது. பிரித்தானியக் கப்பல்களில் லஸ்கர் என்ற பெயரில் வேலை செய்த ஆசியக் கடலோடிகள் எத்தனையோ ஆயிரம் பேர். வங்காளம், குஜராத், மலபார் எனப் பல கரைகளிலிருந்து போன அவர்களில் முஸ்லிம்கள் ஏராளம். வரலாற்று நூல்களில் அவர்கள் ஒரு தொகை. இந்த விளையாட்டிலோ, அந்த ஒருவரின் முகத்தைப் பார்த்து, அவர் பெயரை எழுதாமல் ஏட்டை முழுமையாக்க முடியாது. தினமும் காலையில் வரவு இடாப்பை விரித்துப் பெயர் கூப்பிடும் எனக்கு, அந்த வேலையின் கனம் நன்கு விளங்கியது. கடைசியில் கம்பனி இறந்தவரின் குடும்பத்துக்கு எவ்வளவு, எவரது சொத்துக்கு எவ்வளவு தண்டம் என்று கணக்கு எழுதுகிறது.  அதற்குமேல் ஒரு சொல் ஒப்பாரி இல்லை.

மூன்றாவது எனக்கு அதிக நாட்களை எடுத்தது. 2019 இல் வெளியான 'டிஸ்கோ எலிசியம்'. ஏறத்தாழப் பத்து இலட்சம் சொற்கள் கொண்டது எனப்படுகிறது. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இரவிரவாக வாசித்தேன் என்பதே பொருத்தம். அதன் பிரதான ஆசிரியர் ரொபர்ட் குர்விட்ஸ் எஸ்தோனிய நாட்டு எழுத்தாளர். எஸ்தோனிய மொழியைப் பேசுவோர் உலகில் ஏறத்தாழ 11 இலட்சம் பேரே. 2013 இல் அவர் தம் மொழியில் எழுதிய நாவல் விற்கவில்லை. அதே கற்பனை உலகைத் தோழர்களோடு சேர்ந்து ஆங்கிலத்தில் விளையாட்டாக்கினார். அது 2019 இன் கேம் அவார்ட்ஸ் விழாவில் நான்கு விருதுகளைப் பெற்றது. சொந்தச் செலவில் ஐந்நூறு பிரதி அச்சிட்டு, அரைவாசியைக் கட்டிலுக்கடியில் வைத்திருக்கும் எம்மவர்களுக்கு இச்செய்தி ஆறுதலா, வயிற்றெரிச்சலா என்பதை அவரவர் தீர்மானிக்கட்டும்.

கதை இதுதான். குடியால் நிலைகுலைந்த ஒரு துப்பறிவாளன், தன் பெயரும் மறந்துபோய், ஒரு விடுதி அறையில் கண்விழிக்கிறான். விடுதியின் பின்முற்றத்து மரத்தில் ஒரு சடலம் நாட்கணக்காகத் தொங்குகிறது. அவன் அதை விசாரிக்க வேண்டும். புரட்சி தோற்று அரை நூற்றாண்டாகியும் அதன் குண்டுத் துளைகள் சுவரில் மாறாத ஒரு துறைமுக நகரம். வேலைநிறுத்தத்தில் இறங்கிய தொழிலாளர்கள். இதில் வாள்வீச்சு இல்லை. அவனது மனமே 24 குரல்களாகப் பிரிந்து பேசுகிறது. தர்க்கம் ஒன்று சொல்லும். பரிவு இன்னொன்று சொல்லும். அதிகாரம் என்ற குரல் குறுக்கே வந்து கத்தும். குறளில் நெஞ்சொடு கிளத்தல் என்று ஓர் அதிகாரமே உண்டு. சூஃபிக் கவிஞர்கள் நஃப்ஸோடு வழக்காடியதும் நாம் அறிந்ததே. நெஞ்சு திருப்பிப் பேசத் தொடங்கினால் எப்படியிருக்கும் என்பதை இங்குதான் பார்த்தேன்.

முக்கியமான ஒவ்வொரு முயற்சிக்கும் இரண்டு தாயக்கட்டைகள் உருளும். தோற்றால் கதை நின்றுவிடாது. வேறொரு வாசல் திறக்கும். பல வேளைகளில் வெற்றியின் வாசலைவிட அதுவே சுவையானது. பரீட்சையில் தவறிய பிள்ளைக்குக் கதையே முடிந்துவிட்டதென்று ஊர் முழுவதும் சேர்ந்து சொல்லும் ஒரு நாட்டில், தோல்விக்கும் அடுத்த பக்கம் எழுதிவைத்திருக்கும் ஓர் ஆசிரியனை நான் பெரிதாக மதிக்கிறேன். எனக்குக் குறையாகப் பட்டதையும் சொல்ல வேண்டும். இதில் பேச்சு அளவு மீறியது. ஆபாசச் சொற்களும் போதையும் நிறைய. இது பிள்ளைகளுக்குரியதல்ல, நான் அதைப் பாடசாலைப் பக்கம் கொண்டுபோகவில்லை.

நான்காவது கைத்தொலைபேசியிலே ஆடுவது. 2017 இல் பிரான்ஸில் உருவான 'பெரி மீ, மை லவ்'. 2015 இல் லெ மொன்ட் பத்திரிகை, ஒரு சிரியப் பெண் ஐரோப்பா போய்ச்சேரும் வழியில் பரிமாறிய வட்ஸ்அப் செய்திகளை வெளியிட்டது. அந்தக் கட்டுரையே இதற்குத் தூண்டுதல். நூர் என்ற பெண் ஹோம்ஸ் நகரிலிருந்து தனியே ஐரோப்பாவை நோக்கிப் புறப்படுகிறாள். கணவன் மஜித் வீட்டாரைப் பார்த்துக்கொள்ளச் சிரியாவிலேயே தங்குகிறான். நாம் மஜித். திரையில் இருப்பது அவளுடைய குறுஞ்செய்திகள் மட்டும். படகில் ஏறுவதா, தரைவழி போவதா, இந்த ஆளை நம்புவதா என்று அவள் கேட்பாள். நாம் பதில் அனுப்பலாம். அவள் கேட்டும் நடப்பாள், கேளாமலும் நடப்பாள். இரவுக்குப் படகேறுகிறேன் என்று சொன்னால், உண்மையாகவே மணிக்கணக்கில் செய்தி வராது. 19 முடிவுகள் உண்டு. எல்லாம் நல்ல முடிவுகள் அல்ல. விளையாட்டின் பெயர், எனக்கு முன் நீ போய்விடாதே, நீதான் என்னை அடக்க வேண்டும் என்று அன்பாகச் சொல்லும் ஒரு சிரிய வழக்கு. எங்கள் உம்மாமாரும் இதையேதான் வேறு வார்த்தையில் சொல்வார்கள்.

எங்கள் ராத்தா தொண்ணூறுகளில் குவைத்துக்குப் போனபோது நான் சிறுவன். வீட்டில் எழுத்து நன்றாக வருவது எனக்கென்பதால் உம்மா சொல்லச் சொல்லக் கடிதம் எழுதுவது என் வேலை. சம்பளம் பிந்தினால் என்ன செய்ய வேண்டும், சுகமில்லாவிட்டால் யாரிடம் சொல்ல வேண்டும் என்றெல்லாம் நான்தான் எழுதினேன். கடிதம் போய்ச்சேர இரண்டு மூன்று கிழமை. அதற்குள் அங்கே அந்தப் பிரச்சினை முடிந்து, அடுத்தது தொடங்கியிருக்கும். பதிலாக வரும் ஒலிநாடாவில் ராத்தா எப்போதும், "நான் நல்லா இரிக்கன் உம்மா" என்றே தொடங்குவார். நான்கு வருடங்களின் பின் திரும்பி வந்தார். நூரின் செய்திக்காகக் காத்திருந்த ஓரிரவில், எனக்கு அந்தக் காத்திருத்தல் புதிதல்ல என்று தோன்றியது. புலம்பெயர்ந்தவரைப் பற்றி நாம் எழுதிய கதைகள் பல. வீட்டில் இருந்துகொண்டு யோசனை சொல்பவனின் கையாலாகாத அன்பை, வாசகனின் கையிலேயே போனைக் கொடுத்து உணர்த்திய கதை இது.

இந்த நான்கையும் சேர்த்துப் பார்க்கும்போது எனக்கு ஒன்று புலப்படுகிறது. மனிதனுக்கு எவ்வளவு தெரிவு உண்டு என்பதை ஒவ்வொன்றும் ஒவ்வோர் அளவில் நேர்மையாகச் சொல்கிறது. முதலாவதில் முழுத் தெரிவும், ஆகவே முழுப் பொறுப்பும் நம்முடையவை. இரண்டாவதில் தெரிவே இல்லை. சாட்சியம் மட்டும் உண்டு. மூன்றாவதில் உலகை மாற்ற முடியாது, உன்னை நீ எப்படிப் புரிந்துகொள்வாய் என்பது மட்டும் உன் கையில். நான்காவதில் யோசனை சொல்லலாம். எல்லைக் காவலனிடம் அது செல்லாது. நல்ல விளையாட்டுக்கும் மோசமானதற்கும் நான் காணும் வேறுபாடு இதுதான். இரத்தம் தெறிப்பதும் தெறியாததும் இரண்டாம்பட்சமே.

ஆனால் இவற்றில் எதையும் என் மாணவர் தமிழில் ஆட முடியாது. ஆகவே தரம் 9 வகுப்பில் அப்பியாசக் கொப்பியில் கிளைக்கதை எழுதவைத்தேன். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் இரண்டோ மூன்றோ வழி. கடற்கரைக்குப் போவதாயின் 7 ஆம் பக்கம், வீட்டுக்குத் திரும்புவதாயின் 9 ஆம் பக்கம் என்றவாறு. காணாமற்போன ஆடு, ஆற்றில் விழுந்த பந்து, வாப்பாவுக்குத் தெரியாமல் பார்த்த மெட்ச் என்று நிறையக் கதைகள் வந்தன. கூட்டத்தில் பேசிய மூதாட்டியின் பேரனும் எழுதினான். உம்மாவின் அழைப்பு வருகிறது. பரீட்சையில் நல்ல புள்ளி என்று சொன்னால் 4 ஆம் பக்கம். காய்ச்சல் என்று சொன்னால் 6 ஆம் பக்கம். நீங்க வாங்க என்று சொன்னால் 8 ஆம் பக்கம். மூன்று வழியும் 12 ஆம் பக்கத்திலேயே சேர்கின்றன. அதில் ஒரே வரி: ஒப்பந்தம் முடிய இன்னும் பதினான்கு மாதம்.

முடிவு ஒன்றுதானென்றால் மூன்று வழி எதற்கு மனே என்று கேட்டேன்.

"போன வெக்கக்குள்ள உம்மாட மனசு வேற வேற சேர்" என்றான்.

அதன்பிறகு அவன் கொப்பியில் நான் திருத்தியது எழுத்துப் பிழைகளை மட்டுமே. இந்தத் தவணையில் தரம் 10 இற்கும் இப்பயிற்சியைக் கொடுக்கவிருக்கிறேன். இதற்குக் கணினியோ மின்சாரமோ தேவையில்லை. எழுத்தாள நண்பர்கள் எவரேனும் எங்கள் பேச்சு வழக்கில், எங்கள் ஊர்களை வைத்து, ஒரு கிளைக்கதை எழுதித் தருவார்களாயின் அதனை வகுப்பில் வாசிக்கக் கொடுப்பேன். பிள்ளைகள் எந்த வழியால் போனார்கள் என்பதையும் தவறாமல் எழுதி அறிவிப்பேன்.